நடுவழியில் கார் நின்றுவிட்டால்: குடும்பத்தோடு கிளம்பும் புது ஓட்டுநர்களுக்கு

கார் நெடுஞ்சாலையில் நின்றதும் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம் பானெட்டைத் திறப்பது. உள்ளே எது என்னவென்று தெரியாவிட்டாலும் திறந்து பார்த்துவிட வேண்டும். அந்த நேரத்தில் பின்சீட்டில் பாட்டி உட்கார்ந்திருப்பார், சாலைப் பக்கத்துக் கதவைப் பையன் திறந்துகொண்டிருப்பான், அரை அடி தள்ளி ஆம்னி பஸ் பறக்கும். முதலில் ஆட்கள், அப்புறம் வண்டி நிற்கும் இடம், அப்புறம் போன், கடைசியில்தான் பானெட்.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வண்டி நின்ற பிறகு வண்டியின் பயணம் வேறு, உங்கள் குடும்பத்தின் பயணம் வேறு. "வண்டி சரியாகட்டும், எல்லோரும் சேர்ந்தே போவோம்" என்று ஆறு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை மதுரை ரோட்டிலும் சேலம் ரோட்டிலும் அடிக்கடி பார்க்கிறேன். வண்டியோடு இருக்க ஒருவர் போதும், மிஞ்சினால் இருவர். மற்றவர்களை எப்படி முன்னே அனுப்புவது என்பதுதான் உங்கள் முதல் கவலையாக இருக்க வேண்டும். அதை முடித்துவிட்டால் மெக்கானிக்கிடம் பேசும்போது பதற்றம் இருக்காது. பதற்றம் இல்லாதவரிடம் யாரும் கூடுதலாகக் கேட்கவும் யோசிப்பார்கள்.

கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம்

நான்கு டயருக்கும் காற்று பிடிப்பவர்கள் ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி வருடக்கணக்கில் காற்று இறங்கிக் கிடக்கும். அதற்கும் காற்று பிடியுங்கள். புது மாடல் கார்கள் சிலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, ஒரு பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரசரும் மட்டும்தான் தருகிறார்கள். உங்கள் காரில் எது இருக்கிறது என்று வீட்டு வாசலிலேயே டிக்கித் தரையைத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், சிவப்பு முக்கோணம் ஆகியவற்றோடு அங்கே தடியான வளையம் வைத்த ஒரு இரும்புக் கம்பியும் இருக்கும். வண்டியைக் கட்டி இழுப்பதற்கான கொக்கி அது. பம்பரில் கையகலத்துக்கும் குறைவான ஒரு சதுர மூடி இருக்கிறதல்லவா, அதை நெம்பி எடுத்தால் உள்ளே மரை தெரியும். கொக்கியை அதில் திருகிப் பொருத்த வேண்டும். சில கார்களில் அந்த மரை எதிர்ப்பக்கம் சுற்றும். அதையும் வீட்டிலேயே ஒருமுறை திருகிப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து இன்சூரன்ஸ் தாள். நாம் எடுக்கும் சாதாரண பாலிசி விபத்துக்குத்தான். வண்டி தானாகப் பழுதாகி நின்றால் அதில் ஒன்றும் கிடைக்காது. அதற்கு 'ரோடு சைடு அசிஸ்டன்ஸ்' என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். பலருக்குத் தாங்கள் அதற்குப் பணம் கட்டியிருப்பதே தெரியாது. கார் கம்பெனியும் புது வண்டிக்குச் சில காலம் இதே வசதியைத் தருவதுண்டு. எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுத்துப் போவார்கள், வருடத்துக்கு எத்தனை முறை, டாக்ஸி செலவோ ஓட்டல் அறையோ தருவார்களா என்று பார்த்து வையுங்கள். அந்த எண் உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது, மனைவி அல்லது கணவர் போனிலும் இருக்கட்டும்.

கைப்பையில் டார்ச், பவர் பேங்க், ஐந்து லிட்டர் தண்ணீர், பிஸ்கட். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை டிக்கியில் பெட்டிக்கு அடியில் போடாமல் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். இன்சுலின் எடுப்பவர் உடன் வந்தால், நின்றுபோன காரின் வெயில் சூட்டில் அதை வைத்துவிடாமல் கூடவே எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

வண்டி உயிரை விடும் நேரம்

ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் அணைந்தாலும் வண்டியில் வேகம் மிச்சம் இருக்கும். அந்த வேகம்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே வசதி. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், அபாய விளக்கைப் போடுங்கள், இடது இண்டிகேட்டரைப் பற்றி யோசிக்காமல் கண்ணாடியைப் பார்த்தபடி இடதுபுறம் ஒதுங்குங்கள். ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கும், பயப்படாமல் பலம் கொடுத்துத் திருப்பினால் திரும்பும். பிரேக்குக்கு இரண்டு மூன்று மிதிக்குத்தான் உதவி கிடைக்கும், அதற்குப் பிறகு பெடல் கட்டையாகிவிடும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள். மிக முக்கியமானது, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியைக் கடைசி வரை திருப்பி உருவிவிடக் கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

வளைவு, பாலம், பாலத்தின் இறக்கம், இவற்றில் நிற்பதைவிட இன்னும் ஐம்பது மீட்டர் உருட்டிக்கொண்டு போய் நேர்ச்சாலையில் நிற்பது மேல். சர்வீஸ் ரோட்டுக்குள் இறங்க முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எல்லோரையும் இறக்குங்கள்

ஏசி போனதும் காருக்குள் உட்கார முடியாது. அதைவிடப் பெரிய காரணம், நின்ற காரைப் பின்னாலிருந்து வரும் லாரி கவனிக்காமல் போகலாம். எனவே எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாக மட்டும் இறங்கட்டும். வலது பக்கம் உட்கார்ந்திருப்பவரும் நகர்ந்து வந்து இடது பக்கமாகவே இறங்க வேண்டும். குழந்தையின் கையை ஒரு பெரியவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும்.

இறங்கி எங்கே நிற்பது? சாலையோர இரும்புத் தடுப்புக்கு வெளியே. அதுவும் காருக்கு முன்னால் நிற்கக் கூடாது. யாராவது வந்து இடித்தால் கார் முன்னோக்கித்தான் பாயும். காருக்குப் பின்பக்கமாகச் சற்றுத் தள்ளி, தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். நம் ஊர் நெடுஞ்சாலை ஓரத்தில் இன்னொரு சங்கதி உண்டு. எதிர்த்திசையில் பைக் வரும். பின்னால் வரும் வண்டியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றால் போதாது.

வலது லேனில், சென்டர் மீடியனை ஒட்டி நின்றுவிட்டால் கதையே வேறு. குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு இரண்டு லேன்களைக் குறுக்கே கடக்க முயல வேண்டாம். மீடியன் பக்கக் கதவு திறக்குமானால் அந்தப் பக்கமாக இறங்கி, அரளிச் செடிகளுக்கு நடுவே ஏறி நின்றுகொண்டு உடனே அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.

சிவப்பு முக்கோணத்தை டிக்கியை ஒட்டி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டரைக் கடந்துவிடும். 50 மீட்டரில் வைத்தால் ஓட்டுநருக்கு இரண்டு நொடிகூடக் கிடைக்காது. நான்கு வழிச் சாலையில் நூறு தப்படியாவது பின்னால் நடந்து போய் வையுங்கள். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்பே வைக்க வேண்டும். நடக்கும்போது தடுப்புக்கு வெளியே நடங்கள், முக்கோணத்தை மார்புக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். முக்கோணம் இல்லையா? லாரிக்காரர்கள் செய்வதுபோல இலையோடு ஒரு மரக்கிளையை ஒடித்துப் போடலாம். கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாக எறிந்துவிட்டுப் போங்கள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை நடுரோட்டில் அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது? இரவில் அதில் ஏறி விழுவது யாரோ ஒரு பைக்காரர்.

இப்போது போன்

குழந்தை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கும் போனை முதலில் வாங்கி அணைத்து வையுங்கள். ஒரு போன் பேச மட்டும், இன்னொன்று இருப்பு.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றிருந்தால் 1033. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் நெடுஞ்சாலை உதவி எண் இது. சுங்கச்சாவடி உள்ள சாலைகளில் ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் மூன்றையும் சாலையைப் பராமரிப்பவர்கள் வைத்திருக்க வேண்டும். நீங்கள் கட்டும் கட்டணத்தில் அதுவும் சேர்த்திதான். முன்பெல்லாம் டோல் ரசீதிலேயே அந்த எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஃபாஸ்டேக் வந்த பிறகு ரசீது கைக்கு வருவதில்லை. ஆனால் சாவடி அருகே பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவரை அந்தப் பலகையைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு அது உதவும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் 108. இருட்டில் தனியாக மாட்டிக்கொண்டு, பக்கத்தில் வந்து நிற்பவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றால் தயங்காமல் 112.

"நாங்க விழுப்புரம் தாண்டி ஒரு பாலத்துக்கிட்ட நிக்கிறோம்" என்று சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வாட்ஸப்பில் லொக்கேஷன் அனுப்புங்கள். சிக்னல் இல்லாமல் பேச மட்டும் முடிகிறது என்றால் கிலோமீட்டர் கல்லைத் தேடுங்கள். மஞ்சள் தலை இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் உள்ள ஊர் பெயர், எண், அதோடு நீங்கள் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பது, மூன்றும் வேண்டும். திசையைச் சொல்லாவிட்டால் கிரேன் எதிர்ப்பக்கம் வந்து நின்று, யூ டர்ன் தேடி இன்னொரு பத்து கிலோமீட்டர் போகும்.

இன்சூரன்ஸ் அல்லது கார் கம்பெனி உதவி எண்ணில் பேசும்போது தமிழ் பேசுகிறவரைக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். புகார் எண்ணையும் வரப்போகும் வண்டி ஓட்டுநரின் எண்ணையும் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அவர்கள் சொல்லும் நேரத்தை நம்பிக் காத்திருப்பதைவிட ஓட்டுநரிடமே "அண்ணே, இப்ப எங்க வந்துட்டு இருக்கீங்க?" என்று கேட்டால் நிலவரம் தெரிந்துவிடும்.

சரி, பானெட்டைத் திறக்கலாம்

வெயில் காலத்தில் அதிகம் நடப்பது சூடேறி நிற்பதுதான். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ "அடுத்த ஊர் வரை போயிடலாம்" என்ற யோசனையை விடுங்கள். அந்த நான்கைந்து கிலோமீட்டரில் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விடலாம், ஒரு ஹோஸ் பைப்பில் முடிந்திருக்க வேண்டிய செலவு என்ஜினைப் பிரிக்கும் செலவாக மாறும். நிறுத்த இடமே இல்லாமல் கொஞ்ச தூரம் ஊர்ந்தாக வேண்டுமென்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாக வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். ஹீட்டர் என்ஜின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்து வெளியேற்றும். ஏப்ரல் வெயிலில் ஹீட்டரா என்று வீட்டில் திட்டுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுத்திய பிறகு ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே இருக்கும் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், அழுத்தத்தில் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் பீய்ச்சியடிக்கும். முக்கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் புறங்கையால் தொட்டால் சுடாத அளவுக்கு வந்ததும், தடித்த துணியைப் போட்டு மூடியைக் கால் சுற்று திருப்பி, இஸ் என்ற சத்தம் அடங்கும் வரை நின்று, பிறகு முழுதாகத் திறக்கலாம். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் என்ஜினின் உலோகம் விரிசல் விடலாம். ஆறியபின் வெறும் தண்ணீர் ஊற்றி அடுத்த ஊர் போகலாம், ஊரில் அதை மாற்றி கூலன்ட் நிரப்ப வேண்டும். ஊற்றிய தண்ணீர் கீழே ஒழுகி ஓடினால் ஓட்ட வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: முன்பக்க மின்விசிறி சாவி அணைத்த பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கலாம். அங்கே கையோ துப்பட்டா நுனியோ போகக் கூடாது.

சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று மட்டும் கேட்டு, விளக்குகள் மங்கினால் பேட்டரி. இன்னொரு காரும், இரண்டு பேட்டரிகளை இணைக்கும் ஜம்பர் கேபிளும் கிடைத்தால், சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், மறுமுனையை நம் என்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். கழற்றும்போது இதே வரிசையைத் திருப்பிச் செய்யுங்கள். கியர் வண்டியாக இருந்தால் இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக்கை எத்தனை பேர் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. ஓடும்போதே பேட்டரி விளக்கு எரிந்து பிறகு நின்றிருந்தால் கோளாறு பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலோ அதைச் சுற்றும் பெல்ட்டிலோ இருக்கும். ஜம்ப் கொடுத்தாலும் கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்கும், அதனால் அப்படியே தூக்கிப் போகச் சொல்வதே புத்திசாலித்தனம்.

டயர் பஞ்சர் என்றால் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்கள். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சேர்ந்து சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். காற்று மெதுவாகத்தான் இறங்கும், அதற்குள் பஞ்சர் கடைக்கு நிதானமாகப் போய்விடலாம். சாலைப் பக்கத்து டயர் என்றால், மாற்றத் தெரிந்தாலும் இரவில் நீங்களே மாற்ற வேண்டாம் என்பேன். ரோந்து வண்டி வந்து பின்னால் நின்று விளக்குப் போட்ட பிறகு மாற்றுங்கள்.

மழைத் தண்ணீரில் இறங்கி நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டார்கள் என்றாலும் அப்படியே. சாவியையே தொடாமல் டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

மலைப்பாதையிலும் காட்டிலும்

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. ஏறும்போது சூடேறுவதும் இறங்கும்போது பிரேக் கருகுவதும் இங்கே சகஜம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கருகல் வாடை வந்து, பெடல் கீழே போக ஆரம்பித்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துங்கள்.

எல்லோரையும் இறக்குங்கள் என்று சொன்னேனே, அதற்கு ஒரு விலக்கு உண்டு. முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம் காட்டுக்குள் நின்றுவிட்டால் யாரும் இறங்க வேண்டாம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருங்கள். கடந்து போகும் வண்டியிடம் அடுத்த செக்போஸ்ட்டில் சொல்லச் சொன்னால் வனத்துறையினர் வருவார்கள். பந்திப்பூர் வழியில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை வண்டிகளை விடுவதில்லை. ஆகவே சந்தேகமான வண்டியோடு மாலையில் அந்தச் சாலைக்குள் நுழையவே வேண்டாம்.

குடும்பத்தை அனுப்புவது

பக்கத்துப் பெட்ரோல் பங்க்தான் முதல் அடைக்கலம். குடிதண்ணீர், கழிப்பறை, டயருக்குக் காற்று மூன்றையும் பங்க்குகள் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. அங்கிருந்து டாக்ஸியோ அடுத்த ஊர் பஸ் நிலையம் போக ஆட்டோவோ பிடிக்கலாம். நான்கு வழிச் சாலையில் தொலைதூர பஸ் கைகாட்டினால் நிற்காது. சர்வீஸ் ரோட்டில் வரும் டவுன் பஸ் நிற்கும். போகிறவர்கள் மாத்திரை, நகை, பணம், ஒரு மாற்று உடை எடுத்துக்கொண்டால் போதும். தாம்பூலத் தட்டும் பலாப்பழமும் காரோடு வரட்டும்.

இழுத்துப் போகும் வண்டியில் குடும்பமே ஏறிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் கேபினில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான் இடம். மேலே ஏற்றிய காருக்குள் யாரும் உட்காரக் கூடாது.

மெக்கானிக்கும் கிரேனும்

அழைக்காமலே வந்து நிற்கும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் விலகியே இருங்கள். பக்கத்தில் பைக்கில் வந்து "ஆயில் லீக் ஆவுது சார்" என்று கைகாட்டிவிட்டு, நிறுத்தியதும் உதவ முன்வருவது பழைய தந்திரம். பங்க் ஊழியரோ டீக்கடைக்காரரோ சொல்லும் மெக்கானிக் மேல். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கிடைத்தாலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்திருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அவரிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். "அண்ணே, ஊர் போய்ச் சேர்ற அளவுக்கு ஆக்க எவ்வளவு ஆகும்? முழுசா சரி பண்ண எவ்வளவு ஆகும்?" முதல் கேள்விக்கு நேரான பதில் வந்தால் நல்ல மெக்கானிக். பெல்ட், ஹோஸ், ஃபியூஸ், பேட்டரி, டயர் இவற்றை வழியிலேயே முடிக்கலாம். என்ஜினைப் பிரிக்க வேண்டும், கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றால் நன்றி சொல்லி, பார்த்ததற்குக் கூலி கொடுத்து, பெரிய ஊருக்கு ஏற்றிவிடுங்கள். சாலையோரத்தில் பிரித்த என்ஜினோடு வேறு எங்கேயும் போக முடியாது.

முன்சக்கரம் இழுக்கும் கியர் காரை முன்பக்கம் தூக்கி இழுக்கலாம். ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, மின்சாரக் கார் இவற்றுக்கு முழுதாக மேலே ஏற்றும் வண்டியையே கேளுங்கள். சக்கரம் தரையில் உருண்டால் மின்சாரக் காரின் மோட்டார் கெடும். கயிறு கட்டி இழுக்க நேர்ந்தால் சாவி ஆன் நிலையில் இருக்கட்டும், இல்லையென்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். என்ஜின் ஓடாததால் பிரேக்கும் கட்டையாகத்தான் இருக்கும், முன்வண்டிக்காரரை மெதுவாகவே போகச் சொல்லுங்கள்.

ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும், மீட்டரில் ஓடிய தூரமும், பெட்ரோல் முள்ளும் தெரியப் போட்டோ எடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் விடும்போது, செய்ய வேண்டிய வேலைகளை அவர்கள் குறிக்கும் ஜாப் கார்டில் "கேட்காமல் எதையும் கழற்ற வேண்டாம்" என்று எழுதச் சொல்லி, மதிப்பீட்டை வாட்ஸப்பில் வாங்குங்கள்.

வண்டியை எடுக்கப் போகும்போது மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஏசியைப் போட்டு, பத்து கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி டிக்கியில் போடுங்கள். ஸ்டெப்னி மாட்டி வந்திருந்தால், அது மற்ற நான்கைவிட மெல்லியதாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வகை ஸ்டெப்னியில் பெரும்பாலும் 80 கிலோமீட்டர் வேகம்தான் உச்சம் என்று எழுதியிருக்கும். பஞ்சரான டயரை அந்த ஊரிலேயே ஒட்டி, மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.